கப்பிக் குஞ்சும் கல்தொட்டியும்

மீன் குட்டி போடுமா? போடும். ஏழாம் வகுப்புல நான் இதைச் சொன்னப்போ கிளாஸ்ல ஒருத்தனும் நம்பல. "மீனு முட்டைதாம்லே போடும், ஒனக்க மீனு என்ன பசுமாடா?"ன்னு ஒரு வாரம் வச்சு ஓட்டுனானுங்க. அதே பயலுவள்ல ரெண்டு பேரு இப்போ காலேஜ் மூணாம் வருஷத்துல ஹாஸ்டல் ரூம்ல கண்ணாடித் தொட்டி வச்சிருக்கானுங்க. போன வாரம் வந்து, "மக்கா, கப்பி குட்டி போட்டுது, எல்லாம் செத்துப் போகு, என்ன செய்யணும்?"னு கேட்டானுங்க. அவனுங்களுக்குப் பதில் சொல்லத்தான் உக்காந்தேன். ஆனா அதைச் சொல்லணும்னா பழைய கதை ஒண்ணையும் சொல்லணும். நான் செஞ்ச ஒரு தப்பையும் சொல்லணும். கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க வீடு தேரூர் பக்கம். (ஆமா, கவிமணி பிறந்த அதே தேரூர்தான். ஊர்ப் பேரைச் சொன்னா அதைச் சொல்லாம விட மாட்டோம்.) 2017 ஆகஸ்ட்ல அப்பா வடசேரிக்குப் போயிட்டு வரும்போது ஒரு பிளாஸ்டிக் கவர்ல ரெண்டு ஜோடி கப்பி வாங்கிட்டு வந்தார். கொளத்தூர்ல இருந்து வந்த மீன்னு கடைக்காரர் சொன்னாராம். சென்னை கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்புக்குப் பேர்போன ஏரியா. மொட்டை மாடியிலயும் கொல்லையிலயும் தொட்டி கட்டி மீன் வளர்க்கிற குடும்பங்கள் அங்க நிறைய.

ஆண் ரெண்டும் விரல் நகம் அளவு உடம்பு, அதுக்கு மேல ஒரு பட்டுப்பாவாடை மாதிரி வால். பெண் ரெண்டும் சாம்பல் கலர்ல பெருசா, சுமாரா இருந்துச்சு. பெண் மீனுக்கு அடிவயிறு வாலைப் பார்த்து முடியுற இடத்துல ஒரு கறுப்புப் பொட்டு உண்டு. நாளாக நாளாக வயிறு பெட்டி மாதிரி ஆகி, அந்தப் பொட்டும் பெருசாச்சு. குட்டி போடுற நாள் நெருங்கினா, உத்துப் பார்த்தா உள்ள இருக்கிற குட்டிங்களோட கண்ணு புள்ளி புள்ளியா தெரியும். எனக்கு அப்போ இதெல்லாம் தெரியாது. தின்னு கொழுத்துப் போச்சுன்னுதான் நினைச்சேன்.

செப்டம்பர் முதல் ஞாயிறு காலைல பல்லு தேய்ச்சிட்டே தொட்டிப் பக்கம் போனா, பெண் மீன் அடியில ஒரு மூலையில நின்னு நடுங்கிட்டு இருக்கு. சட்டுனு கடுகு மாதிரி ஒண்ணு சுருண்டு விழுந்துச்சு. விழுந்த வேகத்துல நிமிர்ந்து, ரெண்டு கண்ணும் ஒரு நூல் வாலுமா நீந்தவே ஆரம்பிச்சிட்டு. அரை இஞ்சுகூட இல்ல, ஆறு ஏழு மில்லிமீட்டர்தான் இருக்கும். நான் வாய்ல நுரையோட பார்த்துட்டே நிக்கேன். தாய் மீன் திரும்பிச்சு. பார்த்துச்சு. லபக்.

நான் போட்ட சத்தத்துல வீடே ஓடி வந்துச்சு. ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கிட்டு கிட்ட வந்து பார்த்தா. "தள்ளையே திங்கா? பூனைகூட நோஞ்சான் குட்டியத் திங்கும் மக்களே. அதுக்கு ஒரு கணக்கு இருக்கும். நீ எடையில போவாண்டாம்"னா. தள்ளைன்னா தாய். எனக்கு அழுகையே வந்துட்டு. டீ வடிகட்டியை எடுத்து, கைக்குச் சிக்கினதை எல்லாம் வாரி ஹார்லிக்ஸ் பாட்டில்ல விட்டேன். எண்ணினா இருபத்தேழு.

பின்னாடி தெரிஞ்சுக்கிட்டது இது. கப்பிக்கு பிள்ளைங்கிற நினைப்பெல்லாம் கிடையாது. வாய்க்குள்ள போற அளவுக்கு ஏதாவது அசைஞ்சா அது தீனி. அவ்வளவுதான். ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒருதடவை முப்பது, நாப்பது, சில சமயம் அதுக்கும் மேல போடும். பிறந்த நிமிஷத்துலயே குட்டிக்கு நீந்தத் தெரியும், ஒளியத் தெரியும், திங்கத் தெரியும். தாய் செய்ய வேண்டியது அதோட முடிஞ்சு போச்சு. அதுக்கு மேல பாசி இருந்தா கொஞ்சம் தப்பும், இல்லேன்னா ஒண்ணும் தப்பாது.

சரி, அந்த இருபத்தேழு என்ன ஆச்சு?

நான்தான் கொன்னேன்.

அவிச்ச முட்டையோட மஞ்சக்கரு குடுக்கலாம்னு யாரோ சொன்னாங்க. அது சரிதான். ஆனா எவ்வளவுன்னு நான் கேக்கல. குட்டிகளாச்சே, பசிக்குமேன்னு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை ஒரு சிட்டிகை. ஆச்சி ரெண்டு தடவை, "மதிடே, மதி"ன்னா. (மதின்னா எங்க ஊர்ல போதும்னு அர்த்தம்.) நான் கேட்டாத்தானே. மறுநாள் காலைல தண்ணி நீர்மோர் மாதிரி கலங்கி, ஒரு நாத்தம். குட்டியெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. பதறிப்போய் மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு பைப்புத் தண்ணியைப் பிடிச்சு ஊத்தினேன். அன்னைக்கு பைப்புல பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலா இருந்துச்சு. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து பார்த்தா அஞ்சுதான் மிச்சம்.

ஹாஸ்டல் பயலுவளுக்கு முக்கியமான இடம் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். திங்காத மஞ்சக்கரு அழுகினா அமோனியா வரும். மீனோட கழிவுலயும் அதே அமோனியாதான். பழைய தொட்டியில அதைத் தின்னு மாத்துற பாக்டீரியா கல்லுலயும் கண்ணாடியிலயும் குடியிருக்கும். புதுத் தொட்டியில அதுங்க குடியேறவே நாலஞ்சு வாரம் ஆகும். அதுக்குள்ள நாம தீனியைக் கொட்டினா குட்டியோட செவுள் வெந்து போகும். குளோரினும் செவுளைத்தான் முதல்ல பிடிக்கும். நான் ஒரே நாள்ல ரெண்டையும் குடுத்திருக்கேன். பைப்புத் தண்ணியை அகலமான வாளியில பிடிச்சு ஒரு நாள் திறந்து வைங்க. மாத்தும்போது மொத்தத்தையும் கொட்டாம கால்வாசி மட்டும் மாத்துங்க. குட்டியோட வயிறு ஊசிமுனை அளவுதான். அதனால கொஞ்சம் கொஞ்சமா நாளைக்கு மூணு நாலு தடவை குடுக்கணும். கடைத் தீனியை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு திருநீறு மாதிரி நுணுக்கித் தூவினா போதும். அஞ்சு நிமிஷம் கழிச்சு அடியில கிடக்கிறதை ஒரு டியூப் வச்சு உறிஞ்சி எடுத்துடுங்க. உப்புத்தண்ணியில ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டா ஒரு நாள்ல பொரிஞ்சு வரும். அது குட்டிகளுக்கு பிரியாணி மாதிரி. ஆனா விலையைக் கேட்டுட்டு நான் பேசாம வந்துட்டேன்.

ரெண்டாம் ஈத்து அக்டோபர்ல. இந்தத் தடவை நான் உஷார். தண்ணி கிணத்துல இருந்து, தீனி அளவோட. குட்டி ஒளிய இடம் வேணும்னு குளத்துல இறங்கி ஒரு கை பாசி அள்ளிட்டு வந்து அப்படியே போட்டேன். முப்பத்தொண்ணு குட்டி. ஒண்ணுகூடச் சாகல. ஆனா தினமும் காலைல எண்ணிக்கை குறையுது. 31, 27, 22... செத்து மிதக்கிறதும் இல்ல. ஆவி கீவி எதுவும் இருக்குமோன்னு யோசிக்கிற அளவுக்குப் போயிட்டேன். அஞ்சாம் நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தா, பாசித்தண்டுல தண்டு கலர்லயே ஒரு பூச்சி உக்காந்திருக்கு. ஒரு குட்டி பக்கத்துல போச்சு. பூச்சியோட முகத்துல இருந்து ஒரு கை மாதிரி நீண்டு வந்து பிடிச்சு, உள்ள போயிட்டு. தட்டானோட குஞ்சு! மழை நேரத்துல வயல் மேல பறக்குமே, நாம வால்ல நூல் கட்டி விளையாடுவோமே, அதேதான். சின்ன வயசுல தண்ணிக்குள்ள இருக்கும். அதோட கீழ்த்தாடை மடிச்சு வச்ச கை மாதிரி நீளும். நான் நூல் கட்டின தட்டானுங்களுக்குப் பழிவாங்க வந்ததுன்னு ஆச்சி சொன்னா. குளத்துப் பாசியை நாலஞ்சு தடவை அலசி, தனி வாளியில ஒரு வாரம் போட்டு வச்சுப் பார்த்துட்டு அப்புறம் தொட்டியில போடுங்க.

மூணாம் ஈத்தைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல. பரீட்சை. நான் பார்க்கவே இல்ல. மிஞ்சலயும் இல்ல.

நாலாம் ஈத்து நவம்பர் 27. அப்போ ஆச்சிதான், "அந்தச் சீசாவில போட்டு இம்சிக்காத, கல்தொட்டியில கொண்டு விடு"ன்னா. தொழுவத்துக்குப் பின்னாடி மாட்டுக்குத் தண்ணி காட்டுற ஒரு பழைய கல்தொட்டி உண்டு. மாட்டை வித்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. மழைத்தண்ணி நிறைஞ்சு, பச்சைப் பசேல்னு, உள்ள கையை விட்டா கை தெரியாது. இந்த அழுக்குலயான்னு எனக்கு மனசே வரல. ஆனா மூணு தடவை தோத்தவன் என்ன பேச முடியும்? முப்பது சொச்சம் குட்டியைக் கொண்டு விட்டேன். கொக்கு வராம இருக்க ஆச்சி ஒரு கிடுகை எடுத்து பாதி மூடி, மேல ரெண்டு செங்கல் வச்சா.

மூணாம் நாள் ஒக்கி.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு நான் ஒண்ணும் விளக்க வேண்டாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். விடிஞ்சதுல இருந்து காத்து. தென்னை, ரப்பர், வாழை எல்லாம் சாஞ்சு கிடந்துச்சு. கரண்டுக் கம்பம் வரிசையா விழுந்து கிடந்துச்சு. எங்க தெருவுக்குக் கரண்ட் வர எட்டு நாள் ஆச்சு. மெழுகுவத்திக்கு அலைஞ்சோம், குடிக்கத் தண்ணி கிணத்துல இறைச்சோம். அதுக்குள்ள கடக்கரையில இருந்து சேதி வர ஆரம்பிச்சிட்டு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு ஒவ்வொரு ஊர்ப் பேரா வந்துச்சு. கடலுக்குப் போனவங்க திரும்பல. அப்பாகூட வேலை பார்த்த ஒருத்தரோட தம்பியும் அதுல உண்டு. அந்த வீட்டுக்குப் போயிட்டு வந்த அப்பா ரெண்டு மூணு நாளைக்குச் சரியா பேசல. அந்த வாரம் எங்க வீட்ல யாரும் என் மீனைப் பத்தி நினைக்கல. நானும் நினைக்கல. வீட்டுக்குள்ள இருந்த கண்ணாடித் தொட்டியில மோட்டார் நின்னு போய் ஒரு ஆண் மீனும் ஒரு பெண் மீனும் செத்துக் கிடந்ததையே மூணு நாள் கழிச்சுத்தான் பார்த்தேன்.

கரண்ட் வந்த மறுநாள் கொல்லையில விழுந்த மட்டையை எல்லாம் பொறுக்கும்போதுதான் கல்தொட்டி ஞாபகம் வந்துச்சு. கிடுகு எங்கயோ பறந்து போயிருந்துச்சு. தொழுவத்துச் சுவர் மறைச்சு நின்னதால தொட்டிக்கு ஒண்ணும் ஆகல. எட்டிப் பார்த்தேன். பச்சைத் தண்ணி. கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியல. அப்புறம் ஒண்ணு மேல வந்துச்சு. அப்புறம் நாலு. அப்புறம் தொட்டி முழுக்க. நான் வீட்டுக்குள்ள முட்டை ஊட்டி வளர்த்ததை விட ரெண்டு மடங்கு பெருசு!

ஒரு வாரமா யாரும் ஒரு துளி தீனி போடல. அதுதான் காரணமே. அந்தப் பச்சை அழுக்கு இல்ல, பாசி. கண்ணுக்குத் தெரியாத பாசி தண்ணியில கரையுற அமோனியாவை உறிஞ்சி வளரும். அதைத் தின்ன நுண்ணுயிர், அதைத் தின்ன குட்டின்னு இருபத்திநாலு மணி நேரமும் பந்தி நடந்திருக்கு. போதாததுக்கு கொசு வந்து முட்டை வச்சுட்டுப் போகும். கல்தொட்டியில தண்ணியும் அதிகம், ஒரு அழுக்கு விழுந்தா கலங்காது. நம்ம ஊர் சூட்டுக்கு ஹீட்டரும் வேண்டாம். இவ்வளவுதான் ஹாஸ்டல் பயலுவளே, உங்களுக்குப் பதில். அகலமான ஒரு டப், கொஞ்சம் வெயில், பச்சைத் தண்ணி, ஒரு கை பாசி. குட்டியை அதுல விட்டுட்டு செமஸ்டருக்குப் படிங்க.

கதை இங்க முடிஞ்சிருந்தா நானும் நல்லவன்னு பேர் வாங்கியிருப்பேன்.

2018 ஜனவரில சுகாதாரத்துறையில இருந்து கொசுப்புழு பார்க்க ஒரு அக்கா வந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் தமிழ்நாடு முழுக்க டெங்கு ஆட்டிப் படைச்சது ஞாபகம் இருக்கும். உடைஞ்ச பானை, டயர், ஆட்டுக்கல்லுன்னு எல்லாத்துலயும் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு வந்தவங்க கல்தொட்டியைப் பார்த்ததும் முகம் சுளிச்சாங்க. டார்ச் அடிச்சா ஒரு புழுகூட இல்ல. "தம்பி, இது கப்பியா? கிணத்துல விட எங்களுக்கே வேணும், கொஞ்சம் தாறியா?"ன்னு கேட்டு, பாழடைஞ்ச ஒரு கிணத்துக்குப் பதினஞ்சு எடுத்துட்டுப் போனாங்க. நான் தரையில நிக்கல. கப்பியை இந்தியாவுக்குக் கொண்டு வந்ததே கொசுவுக்காகத்தானாம், 1908-ல. அதோட சொந்தக்காரன் கம்பூசியா வந்தது 1928-ல. தென் அமெரிக்கா வடக்கு ஓரத்து மீன் இது. டிரினிடாட் தீவுல இருந்து இதைப் பிடிச்சு லண்டனுக்கு அனுப்பினவர் பேரு ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி. 1866-ல அவர் பேரை வச்சாங்க. அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே பீட்டர்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் இதுக்கு வேற பேர் வச்சிருந்தது அப்புறம்தான் தெரிஞ்சுது. விஞ்ஞானப் பேர் பீட்டர்ஸ் வச்சதே நின்னுது. ஊர் வாயில கப்பிதான் நின்னுது.

ஏப்ரல்ல கல்தொட்டியில எண்ண முடியல. நூறுக்கு மேல. குட்டி பிறந்த பெண் குட்டியே மூணு மாசத்துல தாய் ஆகிடும். ஆண் எல்லாத்தையும் பிரிச்சு வச்சுப் பார்த்தேன். அப்பவும் போட்டுது! ஒருதடவை ஆணோட சேர்ந்தா அந்த விந்தை உள்ளயே மாசக்கணக்கா சேமிச்சு வச்சு, அடுத்தடுத்த ஈத்து போடுமாம். கிளாஸ்ல எல்லாருக்கும் ஹார்லிக்ஸ் பாட்டில்ல குடுத்தாச்சு. கடையில கலப்பு மீன் வேண்டாம்னுட்டாங்க. கொல்லவும் மனசு வரல. இருபத்திரண்டு செத்ததுக்கு அழுதவன்லா நான்?

ஜூன்ல பேச்சிப்பாறைத் தண்ணி சானல்ல வந்ததும், ஒரு வாளி நிறைய மீனை எடுத்துட்டுப் போய் சானல்ல விட்டேன். வாளியைச் சாய்க்கும்போது நெஞ்செல்லாம் நிறைஞ்சு போச்சு. வள்ளலார் ரேஞ்சுக்கு ஒரு ஃபீலிங். போங்க பிள்ளைகளா, பிழைச்சுக்கோங்கன்னு வாய்விட்டே சொன்னேன்.

பிழைச்சிருக்கும்னுதான் நினைக்கேன்.

போன ஜனவரில பறவைக் கணக்கெடுப்புக்கு எங்க காலேஜ்ல இருந்து ஒரு கூட்டமா குளத்துக்குப் போனோம். சுசீந்திரம் தேரூர் குளங்களை 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்த்தாங்க. உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அர்த்தம். நாமக்கோழியை எண்ணி முடிச்சுட்டு சானல் கரையில உக்காந்து இட்லி தின்னோம். விலங்கியல் படிக்கிற ஒரு சீனியர் அண்ணன் கைவலையை எடுத்து சும்மா ஒரு அள்ளு அள்ளினார். வலை முழுக்க கப்பி. அவருக்கு வேண்டியது வேற. நெத்தியில வெள்ளிப் பொட்டு வச்ச ஒரு சின்ன மீன், மேல்தண்ணியிலயே வானத்தைப் பார்த்துட்டு நிக்கும். மானத்துக்கண்ணிம்பாங்க. நம்ம மண்ணு மீன். கொசுப்புழுவை அதுவும் நல்லாத் திங்கும். நாலு அள்ளுல ரெண்டே ரெண்டு வந்துச்சு.

"இந்தக் கப்பி மத்த மீனோட முட்டையையும் குஞ்சையும் திங்கும், அதுக்க எரையையும் பறிக்கும். எவனோ தொட்டியில நெறைஞ்சதும் கொண்டு கொட்டிருக்கான்"னார் அண்ணன். நான் இட்லியைப் பார்த்துட்டு இருந்தேன்.

வலையில கிடந்த ஆண் கப்பிக்கு வால்ல கலரே இல்ல. சின்னதா, மங்கிப் போய், ஒரே ஒரு ஆரஞ்சுப் புள்ளி. ஜான் எண்ட்லர்னு ஒருத்தர் 1980-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார். கப்பியைத் திங்கிற பெரிய மீன் இருக்கிற தண்ணியில பளபளப்பான ஆணுங்க சீக்கிரம் மாட்டிக்கும், மங்கலானதுதான் மிஞ்சி வம்சம் வளர்க்கும்னு டிரினிடாட் ஓடையிலயும் தொட்டியிலயும் செஞ்சு காட்டினார். எங்க சானல்ல விரால் உண்டு, மீன்கொத்தி உண்டு. அதுங்க வேலையா இருக்கலாம். பட்டுப்பாவாடை எல்லாம் போய் எங்க ஊர்க்காரனாவே மாறிட்டான். அது என் வாளியில இருந்து போனதுதான்னு சத்தியம் பண்ண முடியாது. எத்தனையோ பேர் எத்தனையோ வாளி கொட்டியிருப்பாங்க. ஆனா அதுல ஒரு வாளி என்னோடது. அன்னைக்கு அந்த அண்ணன்கிட்ட நான் சொல்லல. இப்போ இதைப் படிச்சா தெரிஞ்சுக்குவார்.

கிணத்துக்குக் குடுத்ததுல எனக்கு வருத்தம் இல்ல. மூடின கிணறு, அங்க இருந்து எங்கயும் போகாது. சானல்ல விட்டதை இனி திரும்ப அள்ள வழி கிடையாது.

வீட்ல கண்ணாடித் தொட்டி இன்னும் இருக்கு. ரெண்டு பெண், ஒரு ஆண். அந்த வம்சம்தான். போன சனிக்கிழமை ஒண்ணு குட்டி போட்டுச்சு. டீ வடிகட்டி கொக்கியில தொங்கிட்டு இருந்துச்சு. எடுக்கல. ஒரு கை பாசியை மூலையில போட்டுட்டு, லைட்டை அணைச்சிட்டு வந்துட்டேன். லபக் லபக்னு நடந்திருக்கும். பார்க்கிற தைரியம் இன்னும் வரல.

மறுநாள் காலைல பாசியை விலக்கிப் பார்த்தேன். மூணு இருந்துச்சு. ஆச்சிக்கு இப்போ கண்ணு அவ்வளவா தெரியாது. கட்டில்ல இருந்தே, "எத்தனை கிடக்கு?"ன்னா. சொன்னேன். "மதி"ன்னா.

அந்த மூணும் ஒரு மாசத்துல விரல் நுனி அளவு ஆகிடும். யாருக்காவது வேணும்னா ஹார்லிக்ஸ் பாட்டிலோட வாங்க. சானல் கரையில வீடு இருக்கிறவங்க மட்டும் மன்னிக்கணும்.